மணிச்சத்தம் இல்லாமல் வந்த மந்தை

உறை ஊற்றி வைத்திருந்த பாலுக்குள் சுட்டுவிரலை விட்டு மெல்ல மேலே தூக்கினேன். பிளவு சுத்தமாக விழவில்லை. விரலோரம் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் அத்தை" என்றேன். என் மாமியார் ஹைதோ குடிசை வாசலில் உட்கார்ந்து நேற்றைய பாலாடைக்கட்டிகளுக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் விரலுக்குத் தெரியறதுக்கு முன்னாடி என் மூக்குக்குத் தெரியும். மூடி வை" என்றாள். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். அதில் கோபமும் கிடையாது, பிரியமும் கிடையாது. ஐந்து வருடமாக அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அது காற்றடிப்பதுபோல ஆகிவிட்டிருந்தது.

அன்று வியாழக்கிழமை. வியாழன் என்றால் தபால் பஸ் பாலத்துக் கடைவரை வரும் நாள். என் மாமனார் மீத்ரோ வியாழக்கிழமைகளில் மட்டும் மந்தையைப் பாலத்துச் சரிவுப் பக்கம் ஓட்டிப்போவார். அங்கே புல் ஒன்றும் அதிகம் இல்லை. அவர் போவது புல்லுக்காக இல்லை என்று ஆடுகளுக்கே தெரியும். ஜெர்மனியிலிருந்து நாசோ கடிதம் போட்டிருக்கிறானா என்று கடைக்காரரிடம் கேட்பார். கடைக்காரர் இல்லையென்று தலையாட்டுவார். இவர் ஒரு காப்பி குடிப்பார். மத்தியானக் கறவைக்கு மந்தையோடு திரும்பி வருவார். இது மூன்று வருடமாக நடக்கிறது.

நாசோ என் புருஷன். கல்யாணமாகி நான்கு மாதம் என்னோடு இருந்தான். அதில் இரண்டு மாதம் குளிர்காலம், மலையை விட்டு மந்தையோடு சமவெளிக்கு இறங்கியிருக்கும் காலம், ஆடுகள் குட்டி போடும் நேரம். அவன் பட்டியிலேயே படுத்துக்கொள்வான். ஆக, நான் அவனோடு வாழ்ந்தது எத்தனை நாள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். டயர் தொழிற்சாலையில் வேலை என்று போனான். முதல் இரண்டு வருடம் கடிதம் வந்தது. தொப்பி வைத்துக்கொண்டு ஒரு மோட்டார் வண்டியின் மேல் கை ஊன்றி நிற்கிற போட்டோ ஒன்று வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவன் முகத்தை நினைக்கப்போனால் எனக்கு அந்தத் தொப்பிதான் வரும், முகம் வராது. இதை யாரிடம் சொல்ல முடியும்?

எங்கள் மேய்ப்பர் சாதியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையில்லாத விதவை தாய்வீட்டுக்குத் திரும்பலாம். நெய்து கொண்டுவந்த கம்பளிகளை மூட்டை கட்டிக் கோவேறு கழுதையில் ஏற்றி, மாமனாரே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். அவளை யாரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். ஆனால் புருஷன் உயிரோடு இருக்கிறவள் அப்படிப் போக முடியாது. அவன் கடல் தாண்டி இருந்தாலும் சரி, கடிதமே போடாவிட்டாலும் சரி, அவள் அந்த வீட்டின் கொப்பரையைத்தான் கிண்ட வேண்டும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கொப்பரைக்கு எதிரே உட்கார்ந்து, இந்தப் பாலை இன்னும் எத்தனை வருடம் கிண்டவேண்டும் என்று நினைப்பேன். நினைத்துக்கொண்டே கிண்டுவேன், வேறு என்ன செய்ய?

அன்றைய காலைப்பால் நன்றாக இருந்தது. ஜூன் மாதத்து மலைப்புல் தின்ற ஆட்டின் பால் கெட்டியாக இருக்கும், கையில் பிசுபிசுக்கும். அதை வெதுவெதுப்பாகச் சுடவைத்து, பால்குடிக் குட்டியின் இரைப்பையைக் காயவைத்து இடித்த உறையைக் கரைத்து ஊற்றி, கம்பளியால் மூடிவைக்க வேண்டும். சரியான நேரம் பார்த்து உடைக்க வேண்டும். பைன் கன்றின் நுனியை வெட்டி, கிளைக்குச்சிகளை மூன்று விரல் நீளம் விட்டுச் செதுக்கிய மத்து ஒன்று எங்களிடம் உண்டு. அதைச் சுழற்றினால் தயிர்போல நிற்பது அரிசி அரிசியாக உதிரும். முன்னால் உடைத்தால் பாலின் சாரம் எல்லாம் நீரோடு போய்விடும். தாமதித்தால் தோல்போல இறுகிவிடும், நாய்க்குத்தான் போடவேண்டும். கொஞ்ச நேரம்தான் அவகாசம். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

முதலில் நாய் வந்தது. மூச்சிரைத்துக்கொண்டு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனது. ஹைதோ தலையைத் தூக்கி, "இது ஏன் இந்நேரத்துக்கே வருது?" என்றாள். கறவைக்கு இன்னும் ரொம்ப நேரம் இருந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் மந்தை இரண்டு சரிவுக்கு அப்பால் வரும்போதே மணிச்சத்தம் வந்துவிடும். கிடாவின் கழுத்தில் பெரிய செம்புமணி, பெட்டை ஆடுகளுக்குச் சின்ன மணிகள், ஒவ்வொன்றும் ஒரு குரல். ஆடுகள் எந்தச் சரிவில் இறங்குகின்றன, ஓடுகின்றனவா நடக்கின்றனவா என்று ஹைதோ கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

மரங்களுக்கு நடுவிலிருந்து கிடாவின் தலை வெளியே வந்தது. அதன் பின்னால் ஆடுகள். ஒன்றின்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. குளம்புச் சத்தமும் மூச்சுச் சத்தமும் மட்டும்தான் இருந்தது. ஒரு மணிகூட அடிக்கவில்லை. எல்லா மணிக்குள்ளும் புல் அடைத்திருந்தது.

வீட்டில் ஒருவர் செத்துப்போனால் நாங்கள் மந்தையின் மணிகளைக் கழற்றிவிடுவோம். துக்கம் முடிகிறவரை மந்தை ஊமையாகத்தான் மேயும். வழியில் செய்தி கேட்டவன் அத்தனை மணிகளையும் கழற்றித் தோளில் சுமந்து வரமுடியாதல்லவா, அதனால் புல்லை அடைத்து ஓட்டிவருவான். மீத்ரோவின் தம்பி செத்த வருடம் நான் இந்த வீட்டுக்குப் புதுப் பெண். அன்று மந்தை இப்படித்தான் வந்தது. ஹைதோவும் அதைப் பார்த்தவள்தான்.

அவள் கையிலிருந்த கட்டி கீழே விழுந்து உருண்டது. "நாசோ" என்றாள், சாதாரணமாகக் கூப்பிடுவதுபோல. அடுத்தது அவள் குரல் இல்லை. தலைத்துணியைப் பிய்த்தெறிந்தாள். கன்னத்தை இரண்டு கையாலும் கீறினாள். "என் வீட்டுத் தூணே, உன்னை அந்நிய மண்ணுல போட்டுட்டாங்களே, உன் முகத்துமேல மண்ணள்ளிப் போட யாரு இருந்தா, உன் தலைமாட்டுல மெழுகுவத்தி யாரு பிடிச்சா" என்று ஒப்பாரி எடுத்தாள். மேலே இரண்டு குடிசைகளிலிருந்து எங்கள் அண்டைவீட்டு யனூலாவும் அவள் மூத்த மருமகளும் ஓடிவந்தார்கள். எதுவும் கேட்கவில்லை. மந்தையைப் பார்த்தார்கள், ஹைதோவைப் பார்த்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது, அம்மாகிட்டப் போயிடலாம் என்பதுதான். அவன் செத்துப்போனான் என்பதே அதற்கு அப்புறம்தான் தோன்றியது. நெஞ்சுக்குள் ஐந்து வருடமாக இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. மூச்சு அடிவயிறுவரை போய்வந்தது. கன்னம் சூடானது எனக்கே தெரிந்தது. எங்கள் பழைய வீட்டு முற்றம், அம்மா தறி போட்டிருக்கும் மூலை, தங்கச்சியின் பிள்ளைகள் எல்லாம் கண்முன் வந்துவிட்டன. சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன் என்று சொல்வதும் பொய்தான்.

அழவேண்டும் என்று எனக்குத் தெரியும். கண்ணீர் வரவில்லை. கை சும்மா நிற்கவில்லை, கொப்பரையின் மேலிருந்த கம்பளியை விலக்கியது. விரலை விட்டேன். பிளவு கத்தியால் கீறியதுபோல விழுந்தது. அதுதான் நேரம். இன்னும் ஒரு பாட்டு ஒப்பாரி முடிவதற்குள் தப்பிவிடும். மத்தை எடுத்தேன், உடைக்க ஆரம்பித்தேன். புருஷன் செத்த செய்தி வந்த வாசலில் நின்று நான் பால் உடைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் எப்படி? துக்கக்காரி நாற்பது நாள் உறைப்பாலைத் தொடக்கூடாது, தொட்டால் திரண்டது பிரிந்துபோகும் என்பது எங்களில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அது எனக்கு ஞாபகமே வரவில்லை. தலையைத் தூக்கியபோது ஹைதோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ரத்தம். வாய் திறந்தே இருந்தது, குரல் நின்றுபோயிருந்தது. என் முகத்தில் இருந்ததை அவள் முழுசாகப் படித்துவிட்டாள். நான் முகத்தை மாற்றிக்கொள்ளப் பார்த்தேன். அதையும் அவள் பார்த்தாள்.

அப்போதுதான் மீத்ரோ வந்து சேர்ந்தார். கோலைத் தோளுக்குக் குறுக்கே போட்டு, இரண்டு கையையும் அதன்மேல் தொங்கவிட்டுக்கொண்டு, ஏதோ மென்றுகொண்டு வந்தார். பெண்கள் தலைவிரித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு ஓடிவந்தார். "என்ன ஆச்சு? யாரு? யாரு செத்தது?" என்று கத்தினார்.

"யாரா? நீங்கதான் சொல்லணும்!" என்றாள் யனூலா.

"நான் என்னத்த சொல்றது? இப்பதானே வரேன்?"

"மணி?" என்றாள் ஹைதோ. "மணிக்கு ஏன் புல்லு வச்சீங்க?"

மீத்ரோ மந்தையைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிடம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளிறிப்போனது. "தபால் பஸ்ஸே வரல. வெயில் ஏறிடுச்சுன்னு சர்க்கார் நட்டுவச்சிருக்கற பைன் கன்னு வழியா குறுக்க வந்தேன். காவக்காரன் கீழதான் உக்காந்திருந்தான். சத்தம் கேட்டா ஆட்டப் பிடிச்சுக் கட்டிருவானேன்னு புல்லு வச்சேன். தாண்டுனதும் எடுத்துடலாம்னு..." என்றார். "மறந்துட்டேன். அட ஆண்டவரே, மறந்துட்டேன் ஹைதோ."

ஹைதோ எழுந்துபோய் அவர் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். "அஞ்சு நிமிஷம் செத்துட்டானே என் புள்ள, அஞ்சு நிமிஷம் அவன மண்ணுக்குள்ள வச்சுட்டேனே பாவி" என்று சொல்லிச் சொல்லிக் குத்தினாள். அப்புறம் அங்கேயே கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அதன் மணியிலிருந்து புல்லைப் பிடுங்கி எறிந்தாள். மணி கணகணவென்று அடித்தது. யனூலா மூக்கைச் சிந்திக்கொண்டு, "நல்ல மனுஷன்யா நீ. எங்க வீட்டுக் கெழவன் சாகறப்ப அழலாம்னு வச்சிருந்தேன், அம்புட்டையும் இங்க அழுது தீத்துட்டேன்" என்றாள். அவள் மருமகள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், ஹைதோவைத் தவிர.

சிரிப்பு அடங்கியதும் யனூலா என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு எதுவும் கண்ணில் தப்பாது. "ஏண்டி அசீமோ, நாங்க இத்தன பேரு அழுதோம், கட்டினவ நீ ஒரு சொட்டு விடலியே?" என்றாள். பகையோடு கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் எல்லாருடைய கண்ணும் என் கைக்கும் கையிலிருந்த மத்துக்கும் வந்துவிட்டது.

"அவ எதுக்கு அழணும்?" என்றாள் ஹைதோ. தரையில் உட்கார்ந்தபடியே, என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. பெத்த எனக்குத் தெரியல, அவ மனசுக்குத் தெரிஞ்சிருக்கு, அவன் உசுரோடதான் இருக்கான்னு. வந்து கொப்பரையப் பாரு. விதவ கை பட்டா பால் இப்படித் திரளுமா?"

யனூலா எட்டிப் பார்த்தாள். நல்ல பாலுக்கு நல்ல நேரத்தில் உடைத்த கட்டி வேறு எப்படி இருக்கும்? அரிசி அரிசியாக, மினுமினுவென்று அடியில் படிந்திருந்தது. அவள் மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்த வாரத்துக்குள் கதை மலை முழுக்கப் பரவிவிட்டது. மீத்ரோ மருமகளுக்குப் புருஷன்மேல் அவ்வளவு பிடிப்பு, மந்தை மணியில்லாமல் வந்தும் அவள் நம்பவில்லை, அவள் மனசு ஜெர்மனிவரை பார்க்கிறது என்றார்கள். ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போனால் பெண்கள் வழி விட்டார்கள். எங்கிருந்தோ ஒரு புதுப்பெண் மூன்று மணி நேரம் நடந்து வந்தாள். மடியில் ஒரு சட்டையைச் சுருட்டி வைத்திருந்தாள். "அக்கா, இது அவரு போட்டிருந்த சட்ட. பெல்ஜியத்துல சுரங்கத்துல இருக்காரு. ரெண்டு மாசமாச்சு. நீங்க கையில வச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். நான் எனக்கு அதெல்லாம் தெரியாதம்மா என்றேன். அவள் போகவில்லை. கறவை முடிகிறவரை பட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அந்தச் சட்டையைக் கையில் வாங்கி, "நல்லா இருக்காரு" என்றேன். அவள் என் கையை முத்தமிட்டுவிட்டுப் போனாள். கை கழுவினேன், ஆனாலும் அன்று ராத்திரிச் சோற்றை அந்தக் கையால் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஹைதோ என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. திட்டினாலாவது திருப்பி ஏதாவது சொல்லலாம், ஒரு மூச்சு அழலாம். அவள் முன்புபோலவே "மூடி வை", "விறகை இழு", "அந்தக் கட்டியத் திருப்பு" என்று வேலை சொன்னாள், அவ்வளவுதான். காலையில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கறப்போம். மீத்ரோ ஆடுகளை ஒவ்வொன்றாகச் சந்துக்குள் விடுவார். ஒன்று அவளிடம், அடுத்தது என்னிடம். கறக்கும்போது சில நேரம் தலைநிமிர்ந்தால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னத்தைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் குனிந்துகொள்வேன். மடியில் பால் இருக்கிறதா தீர்ந்ததா என்றுகூடத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருப்பேன், ஆடு உதைக்கும்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதாவின் திருநாள். மலையில் இருக்கிற எல்லாக் குடும்பமும் கோயிலுக்கு வந்திருந்தது. யனூலாவின் தம்பி மகன் ஜெர்மனியிலிருந்து காரில் வந்திறங்கினான். புது பூட்ஸ், தங்கப்பல். ஆட்டுக்கறிக்கு முன்னால் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மீத்ரோ மாமா, உங்க நாசோவப் பாத்தேனே! நல்லா இருக்கான். போன மாசம்கூடப் பேசினேன். இப்ப வீடு..." என்று ஆரம்பித்தவன் என்னைப் பார்த்தான். பார்த்ததும் நிறுத்தி, கறியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அந்த 'வீடு' யாருக்கும் கேட்கவில்லை. நாசோ உயிரோடு இருக்கிறான் என்பதுதான் கேட்டது. "பாத்தியா! நம்ம அசீமோ அன்னிக்கே சொன்னாளே!" என்று யனூலா கத்தினாள். கிளாரினெட் வாசிப்பவன் எனக்காக ஒரு பாட்டை எடுத்தான். பெண்கள் என்னை இழுத்து ஆட்ட வரிசையில் முதலாவதாக நிறுத்தினார்கள். கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு நான் ஆடினேன். ஆடிக்கொண்டே பார்த்தேன். ஹைதோ அந்தப் பையனைக் கோயில் சுவருக்குப் பின்னால் கூட்டிப்போனாள். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். யாரோ நீட்டிய ஒயினை வேண்டாம் என்றாள். என் ஆட்டம் முடிகிறவரை நின்றே பார்த்தாள்.

அவன் அவளிடம் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? ஒரு வீடு என்றான், அதற்குள் யாராவது இருப்பார்கள்தானே.

செப்டம்பர் பிறந்தது. ஆடுகளுக்குப் பால் வற்றத் தொடங்கிவிட்டது. காலையும் மாலையும் சேர்த்து ஊற்றினால்தான் கொப்பரையில் பாதி நிரம்பும். அந்தச் சனிக்கிழமை மீத்ரோ மந்தையோடு தூரச் சரிவுக்குப் போயிருந்தார். சனிக்கிழமை எங்களுக்குச் செத்தவர்களின் நாள். ஹைதோ காலையிலிருந்தே ஒரு சட்டியில் அவர்களுக்குப் படைக்கிற கோதுமையை வேகவைத்துக்கொண்டிருந்தாள். சின்ன மாமனார் நினைவுநாளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் பாட்டுக்குக் கட்டிகளைத் துடைத்துப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கோதுமையை வடித்துத் துணியில் உலர்த்தினாள். வாதுமைக்கொட்டையை நசுக்கிப் போட்டாள், திராட்சை போட்டாள், சர்க்கரை போட்டுக் கிளறினாள். தட்டில் குவித்துக் கையால் அழுத்தி, மேலே கொட்டைகளால் ஒரு சிலுவை வைத்தாள். நடுவில் மெழுகுவர்த்தியைக் குத்தி ஏற்றினாள்.

"இங்க வா" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். அவள் அப்பா, அம்மா, பிறந்த வீட்டில் செத்த இரண்டு தம்பிகள், மீத்ரோவின் தம்பி. பிறகு, "நாசோ" என்றாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "அத்தை! என்ன பண்றீங்க? உசுரோட இருக்கறவனுக்கு இந்தச் சோத்த வைக்கலாமா? அவனுக்கு ஏதாவது ஆயிடும்!" உயிரோடு இருப்பவன் பெயரைச் செத்தவர்களோடு சேர்த்துச் சொன்னால் அந்த வருடம் தாண்டாது என்பார்கள். நான் அவனை வெறுத்தவள்தான், ஆனாலும் பதறினேன்.

"கைய விடு புள்ள" என்றாள். குரல் தணிந்திருந்தது. "அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேன். அஞ்சு வருஷத்துல உன் கன்னத்துல ரத்தம் ஓடி அன்னிக்குத்தான் பாத்தேன். அந்த மத்தப் பிடுங்கி உன் மண்டையில போடணும்னு வந்துச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"யனூலா கேட்டப்ப உன்னக் காப்பாத்தறதுக்காகப் பேசினேன்னு நெனச்சியா? இல்லடி. உன்னக் கட்டிப்போடத்தான் சொன்னேன். ஊரெல்லாம் உன்னப் பத்தினின்னு சொன்னா நீ எப்படிக் கெளம்புவ? நீயும் போயிட்டா இந்தக் கொப்பரைக்கு எதுத்தாப்புல எனக்கு யாரு இருக்கா? அந்த மனுஷன் பாதி நாள் ஆட்டோடயும் மீதி நாள் பாலத்துக் கடையோடயும்." மூக்கைத் துணியால் துடைத்தாள். "அவனுக்கு அங்க பொண்டாட்டி இருக்கா. பொட்டப்புள்ள ஒண்ணு. என் பேரு வச்சிருக்கானாம். என் பேர வச்சவனுக்கு எனக்கு ஒரு காயிதம் போடக் கையில்ல."

வெளியே நாய் எதையோ பார்த்துக் குரைத்துவிட்டு நிறுத்தியது. மெழுகு கோதுமைமேல் சொட்டியது, அவள் விரலால் அதைச் சுண்டி எறிந்தாள்.

"எனக்கு அவன் உசுரோடதான் இருப்பான். நான் சாகறவரைக்கும் வியாழக்கெழம வியாழக்கெழம காத்துட்டுதான் இருப்பேன், அது என் தலவிதி. உனக்கு அவன் செத்துட்டான். குளிருக்கு மந்தையோட கீழ இறங்கறப்ப உங்கம்மா வீட்டுப் பக்கம் வந்ததும் நீ பிரிஞ்சு போ. யாராவது கேட்டா செத்துட்டான்னு சொல்லு. என்கிட்ட வந்து கேட்டா நான் இல்லன்னு சொல்லமாட்டேன், கறுப்புத் துணியக் கட்டிட்டு நிப்பேன். உன் மாமனாருகிட்ட நான் பேசிக்கறேன்."

"இது பாவம் அத்தை" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அன்று வராதது எல்லாம் இப்போது வந்தது. யாருக்காக அழுதேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனுக்காக இல்லை.

"பாவந்தான். என்னோடது. உனக்கென்ன?" என்றாள். என் வலது கையைப் பிடித்து இழுத்து, விரல்களை விரித்து, தட்டிலிருந்து ஒரு கை அள்ளி அதில் வைத்தாள். இன்னும் லேசான சூடு இருந்தது. "தின்னு. தின்னுட்டு, ஆண்டவர் அவன மன்னிக்கட்டும்னு சொல்லு. சொல்லிட்டா முடிஞ்சுது."

நான் தின்னவில்லை. கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் கோதுமைமேல் விழுந்தது. அவள் சின்னப்பிள்ளைக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுப்பவள்போல, முதலில் தானே ஒரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். அவளுக்குப் பின்பல் இல்லை, முன்பல்லால்தான் மெல்லுவாள். மென்றுகொண்டே இருந்தாள். தொண்டை ஏறி ஏறி இறங்கியது, அது உள்ளே போகவில்லை. துப்பவும் இல்லை. கன்னத்தில் அன்று கீறிய தழும்பு வெள்ளை வெள்ளையாக அசைய, கண்ணை என் கையிலிருந்து எடுக்காமல், அவள் தன் மகனுக்கான கோதுமையை மென்றுகொண்டே இருந்தாள்.